வக்கீல் என்னும் சொல்



பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலே முதியவர்கள் "வக்கீலையா" என்றுதான் சொல்லுவார்கள். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த சொல் அது. இலங்கையில் வழங்கியவை அப்புக்காத்து, பிறக்கிராசி என்பன. பிறக்கிராசி வழக்குப் பத்திரங்களைத் தயாரிப்பார். மேல் மன்றத்தில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் இரு பிரிவையும் ஒன்றாக்கவே, 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகளாயினர்.

அரபு மொழியில் வக்கீல் என்றால், ஒருவர் தம் காரியத்தை நம்பி ஒப்படைத்த பிரதிநிதி. அப்புக்காத்துக்கு மூலமான இலத்தீன் சொல்லோ, உதவிக்கு அழைக்கப்பட்டவர் என்று பொருள்படும். ஆக, ஒப்படைப்பவரும் அழைப்பவரும் நாமே! வழக்கறிஞர் என்பது அழகிய தமிழ்ச் சொல்தான். ஆனால் அதிலே அவருடைய அறிவு தெரிகிறது, கட்சிக்காரர் தெரியவில்லை.

1948 இல் பிரஜாவுரிமை இழந்த நம்மவர், 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள் தவணை பெற்றனர். 1946 சனவரிக்கு முன் விவாகமானவர் 7 ஆண்டும், ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வசித்ததை நிரூபிக்கவேண்டியிருந்தது. ஒரு தேதி பிசகினாலும் குடும்பம் முழுவதற்கும் கேடு. கைநாட்டு வைப்பவருக்கு அத்தாளில் எழுதியிருப்பது எப்படித் தெரியும்?

இன்றும் காணி, சேமலாபநிதி என்று தாள்கள் வந்தவண்ணமே உள்ளன. நம் சங்கத்து வாலிபர் பெரியவர்களுடன் கூடச் சென்று, கையொப்பத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்கலாம். வக்கீலையா கோபிக்கமாட்டார். கோபித்தால், பதுளையில் வேறு வக்கீலும் உண்டு.