நாற்பது பவுண்டும் ஒரு மறுப்பும்



இன்று பேச ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1813 ஜனவரி 28 அன்று மூன்று தொகுதிகளாக, 18 ஷில்லிங் விலையில் வெளிவந்த நூல். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை எழுதியவர் எழுதியது என்று மட்டும் இருக்கும். அந்த முந்தைய நாவலைத்தான் ராஜீவ் மேனன் 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆக்கினார். வீட்டை இழந்த பெண்கள் சென்னைக்கு வந்து சேர்வது பலருக்கும் நினைவிருக்கும்.

எலிசபெத் பென்னட்டும் டார்சியும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது இந்த அவைக்குத் தெரிந்த கதை. காதல் வர்க்கத்தை வென்றது என்று எழுதப்படாத தேர்வு விடைத்தாளும் இல்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆஸ்டின் இந்த நாவலில் வரவு செலவைத்தான் முதலில் எழுதுகிறார். காதல் அதன் மேல் எழும்புகிறது. கணக்கைத் தள்ளிவிட்டுப் படித்தால் எலிசபெத்தின் துணிச்சல் வெறும் வாய்த்துடுக்காகச் சுருங்கிவிடும்.

மெரிட்டன் ஊர் நடன அரங்குக்குள் டார்சி நுழைகிறான். ஐந்து நிமிடத்துக்குள் அவனுடைய ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு என்ற செய்தி அரங்கம் முழுவதும் பரவிவிடுகிறது. யாரும் அவனோடு பேசக்கூட இல்லை. அவன் நண்பன் பிங்லிக்கு நான்காயிரமோ ஐயாயிரமோ. அவன் சகோதரிகளுக்கு ஆளுக்கு 20,000 சீதனம். டார்சியின் தங்கை ஜார்ஜியானாவுக்கு 30,000. நாவலில் அநேகமாக எல்லோருக்கும் முகத்தோடு சேர்த்து ஒரு தொகையும் உண்டு. இளம் வயதில் இதைப் படிக்கும்போது இந்த எண்களைத் தாண்டிப் போய்விடுவோம். அவை தாண்டிப் போவதற்காக எழுதப்பட்டவை அல்ல.

பென்னட் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். லாங்போர்ன் பண்ணையிலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருகிறது. வண்டி உண்டு, சமையல்காரி உண்டு, ஆனால் வண்டிக் குதிரைகளே வயல் வேலைக்கும் போயாக வேண்டும். ஆண் வாரிசு இல்லாவிட்டால் சொத்து தூரத்து உறவினனான காலின்ஸுக்குப் போகும் என்பது பழைய ஏற்பாடு. மகன் பிறப்பான், வயது வந்ததும் அவனைச் சேர்த்துக்கொண்டு அந்த ஏற்பாட்டை உடைத்துவிடலாம் என்று பென்னட் நம்பியிருந்தார். பிறந்தது ஐந்தும் பெண். மகன் வருவான் என்ற தைரியத்தில் சேமிக்கவில்லை. வர மாட்டான் என்று தெரிந்தபோது சேமிப்பதற்குக் காலம் கடந்துவிட்டது. மனைவிக்கும் மக்களுக்கும் என்று திருமண ஒப்பந்தத்தில் எழுதிவைத்த 5,000 பவுண்டுதான் மிச்சம்.

அதில் எலிசபெத்தின் பங்கு 1,000. நான்கு சதவீதக் கடன் பத்திரத்தில் அது ஆண்டுக்கு 40 பவுண்டு தரும்; அதுவும் தாய் இறந்த பிறகு. இதை அவளிடம் சொல்வது யார் தெரியுமா? பெண் கேட்டு வந்த காலின்ஸ். திருமணம் ஆன பின் இந்தக் குறையைச் சொல்லிக் காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும் சாக்கில் தொகையையும் வட்டியையும் துல்லியமாகச் சொல்லிவிடுகிறான். படிக்கும்போது வாய்விட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அவன் சொன்ன ஒவ்வோர் எண்ணும் சரி. இனி உனக்கு வேறு வரன் வராமலும் போகலாம் என்று அவன் சொல்வதும், அந்தக் காலத்து நிலவரப்படி, முட்டாள்தனமான பேச்சல்ல. இவனுக்குச் சம்மதித்திருந்தால் தந்தைக்குப் பிறகும் வீடு குடும்பத்தோடு இருந்திருக்கும். அம்மாவுக்கும் நான்கு சகோதரிகளுக்கும் கூரை இருந்திருக்கும். அதை வேண்டாம் என்கிறாள் எலிசபெத்.

பென்னட் அம்மாளைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை. படபடப்பும் பிதற்றலுமாக வரும் அவளைக் கேலி செய்யாத விமர்சகர் குறைவு. ஆனால் அந்த வீட்டில் மகள்களின் நாளையைப் பற்றி ஓயாமல் கவலைப்படும் ஒரே ஆள் அவள்தான். நூலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நையாண்டி பேசும் பென்னட்டை வாசகர்கள் மிக எளிதாக மன்னித்துவிடுகிறார்கள், என்னால் முடியவில்லை.

எலிசபெத் மறுத்த இரண்டு மூன்று நாளுக்குள் காலின்ஸை ஏற்றுக்கொள்கிறாள் அவளுடைய தோழி சார்லட் லூகஸ். வயது 27. அப்பா சர் வில்லியம் மெரிட்டனில் வியாபாரம் செய்தவர். ‘சர்’ பட்டம் வந்ததும் கடைத்தெரு கசந்துபோய் ஊருக்கு வெளியே மாளிகை பார்த்துக் குடியேறினார். கௌரவம் கூடியது, மகளுக்குக் கொடுக்கக் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நிச்சயமான செய்தி கேட்டதும் அந்த வீட்டில் நடப்பதை ஆஸ்டின் ஒரே பத்தியில் முடிக்கிறார். பென்னட் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடு இருப்பார் என்று தாய் கணக்குப் போடத் தொடங்குகிறாள். அக்கா கரையேறிவிட்டதால் தாங்கள் ஓரிரண்டு ஆண்டு முன்னதாகவே விருந்துகளுக்குப் போகலாம் என்று தங்கைகளுக்கு மகிழ்ச்சி. அக்கா முதிர்கன்னியாக நம் தலையில் விழ மாட்டாள் என்று தம்பிகளுக்கு நிம்மதி. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

எலிசபெத் அதிர்ந்துபோகிறாள். ஆசிரியர் அதிரவில்லை. சில மாதம் கழித்து எலிசபெத்தை ஹன்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பி, அந்தக் குடித்தனத்தை உள்ளே போய்ப் பார்க்க வைக்கிறார். அங்கே சார்லட் தன் உட்காரும் அறையாக வீட்டின் பின்பக்கத்து அறையை வைத்துக்கொண்டிருக்கிறாள். வெளிச்சமும் விசாலமும் உள்ள வேறு அறை இருக்கும்போது இது எதற்கு என்று எலிசபெத்துக்கு முதலில் விளங்கவில்லை. காலின்ஸின் அறை தெருவைப் பார்த்தது. அவனுக்கு ஜன்னல் வழியே வண்டிகளை வேடிக்கை பார்ப்பதில் மகா பிரியம். மனைவியின் அறையும் அதே அளவு வசதியாக இருந்தால் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவான். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்றும் கணவனை ஊக்கப்படுத்துகிறாள். மனைவியின் கைச்சொத்து கணவனுடையதாகிவிடும் சட்டம் நடப்பில் இருந்த காலம். அதை மாற்றிய 1870, 1882 சட்டங்கள் வருவதற்கு இன்னும் இரண்டு தலைமுறை இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண் தனக்கென்று சில மணி நேரத்தைச் சம்பாதிக்கும் வழி இது. கோழிகளும் தேவாலயப் பங்கு வேலையும் அவளுக்குச் சலிக்கவில்லை என்று ஆஸ்டின் சொல்கிறார். இன்னும் சலிக்கவில்லை என்றுதான் சொல்கிறார்.

சார்லட்டைக் கடிந்த எலிசபெத், பத்தாயிரம் பவுண்டு வந்துசேர்ந்த மிஸ் கிங் பக்கம் தனக்குப் பிடித்திருந்த விக்கம் சாய்ந்தபோது மட்டும் அதை இயல்பு என்று விட்டுவிடுகிறாள். அழகான இளைஞனும் வயிறு வளர்க்க வேண்டுமே என்று அவனுக்காகப் பேசுகிறாள். விவேகத்துக்கும் பணத்தாசைக்கும் நடுவே கோடு எங்கே என்று மாமி கார்டினரைக் கேட்டு வாதாடுகிறாள். ஆஸ்டின் தன் நாயகியையே தராசில் நிறுத்தும் இடம் இது. ஆண்களுக்கும் முழு விடுதலை இல்லை. பிரபுவின் இளைய மகனான கர்னல் ஃபிட்ஸ்வில்லியம் எலிசபெத்தோடு உலாவும்போது, பணத்தைப் பார்க்காமல் மணம் செய்யும் நிலையில் தான் இல்லை என்று நாசூக்காக உணர்த்திவிடுகிறான். மூத்தவனுக்கே சொத்து என்ற முறை தம்பிகளையும் இப்படித்தான் வைத்தது. பிரபுவின் இளைய மகனுக்கு என்ன விலை, 50,000 பவுண்டுக்கு மேல் கேட்க மாட்டீர்களே என்று அவள் விளையாட்டாகத் திருப்பிக் கேட்கிறாள்.

வர்க்கம் என்றதும் ஏழை, பணக்காரர் என்று எடுத்துக்கொண்டால் நாவல் பிடிபடாது. டார்சியின் தாயோடு பிறந்த கேத்தரின் சீமாட்டி லாங்போர்னுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து மிரட்டும் காட்சியில் எலிசபெத் தன்னை ஏழை என்று சொல்லிக்கொள்ளவில்லை. டார்சி நிலவுடைமைக் குடும்பத்தான், என் தந்தையும் அப்படியே, இருவரும் சமம் என்கிறாள். சீமாட்டி அதை மறுக்கவும் இல்லை. உன் அம்மா யார், மாமன்மார் யார் என்று கேட்கிறாள். அடி அங்கேதான் விழுகிறது. தாய்வழித் தாத்தா மெரிட்டன் வக்கீல்; மாமன் கார்டினர் லண்டனில் தன் கிடங்குகள் கண்ணில் படும் தூரத்தில் குடியிருக்கும் வியாபாரி. அந்த மாமனைக் கேலி செய்யும் பிங்லியின் சகோதரிகளுடைய பணமும் வியாபாரத்தில் வந்ததுதான்; ஒரு தலைமுறைக்குள் மறந்துவிட்டார்கள். சீமாட்டி தன் மகளை டார்சிக்குத் தொட்டிலிலேயே பேசிவைத்ததாகச் சொல்கிறாள். தாயோடு பிறந்தவளின் மகள் நம் வழக்கில் தங்கை முறை. அங்கே சொத்தைச் சிதறாமல் காக்கும் நல்ல சம்பந்தம்.

எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியாவின் கதையில் பேரம் திரையில்லாமல் நடக்கிறது. 1753ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது ஆகாதவர் லைசென்ஸ் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டியிருந்தது. அதனால் ஓடிப்போகிறவர்கள் அந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்குப் போவார்கள். 16 வயது லிடியாவும் அங்கே போவதாகத்தான் எழுதிவைக்கிறாள். விக்கம் அழைத்துப்போனது லண்டனுக்கு. அவனை மணவறைக்கு இழுக்க டார்சி ஆயிரத்துக்கும் மேலான கடனை அடைத்து, அவள் பேரில் இன்னும் ஆயிரம் எழுதி, ராணுவப் பதவியும் வாங்கிக் கொடுக்கிறான். பென்னட் தரவேண்டியது ஆண்டுக்கு 100 பவுண்டு. லிடியா வீட்டில் இருந்தபோது ஆன செலவைக் கழித்துப் பார்த்தால் தனக்கு ஆண்டுக்குப் பத்து பவுண்டுகூட நஷ்டம் இல்லை என்று அவர் கண்டுகொள்கிறார். நாவலிலேயே ஈவிரக்கமற்ற வரி இதுதான் என்பேன்.

இதை எழுதியவருக்கு இந்தக் கணக்கு நூலறிவு அல்ல. 1802 டிசம்பரில் மேனிடவுன் பண்ணையின் வாரிசு ஹாரிஸ் பிக்-விதர் பெண் கேட்டபோது ஆஸ்டின் சம்மதித்தார். மறுநாள் காலையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது வயது 26, கைப்பணம் இல்லை. 1805இல் தந்தை இறந்தபின் தாயும் இரு மகள்களும் சகோதரர்கள் கொடுத்ததில் காலம் தள்ளினார்கள். 1809இல் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் வீடு கொடுத்தார். இந்த நாவலின் உரிமையை எகர்டன் என்ற பதிப்பாளருக்கு 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றார். 150 கிடைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் கடிதத்தில் பதிவாகியிருக்கிறது. நூல் வெளிவந்த ஆண்டே இரண்டாம் பதிப்பு வந்தது, லாபமெல்லாம் எகர்டனுக்கு. அடுத்து வந்த ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலை ஆஸ்டின் உரிமையை விற்காமல், நஷ்டம் வந்தால் தன் பொறுப்பு என்ற ஏற்பாட்டில் 1814இல் வெளியிட்டார்.