கந்தமாறனின் தங்கை
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் காதல் என்றால் வந்தியத்தேவனும் குந்தவையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சரித்திரத்திலும் அவர்கள் தம்பதிகளே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்கிறது.

எனக்கோ கந்தமாறனின் சிநேகம்தான் மனசை உறுத்துகிறது. படையில் சேர்ந்திருந்தவர்கள், என் தங்கையை உனக்கே தருவேன் என்று சொன்னவன். கடம்பூர் மாளிகையில் பெரிய இடத்துச் சம்பந்தம் வந்ததும், அவளை மறந்துவிடு என்கிறான். அன்றிரவு அங்கே சதியாலோசனை. அதில் நண்பனும் உட்கார்ந்திருப்பதை வந்தியத்தேவன் மறைவிலிருந்து பார்த்துவிடுகிறான். பார்த்ததை அவன் சொல்லவில்லை. நடந்ததை இவன் சொல்லவில்லை. பிற்பாடு தஞ்சைச் சுரங்க வழியில் முதுகில் கத்திக்குத்துப்பட்டுக் கிடந்தவனைத் தோளில் தூக்கிப் போய்க் காப்பாற்றியது வந்தியத்தேவன். குத்தியதே அவன்தான் என்று கந்தமாறன் நம்புகிறான்! என் அபிப்பிராயத்தில், அந்த நட்பு சுரங்கத்தில் சாகவில்லை, கடம்பூரிலேயே செத்துவிட்டது.

('சிவகாமியின் சபத'த்தில் மாமல்லர், பரஞ்சோதி நட்பு இதற்கு நேர்மாறு. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.)

இதில் அகப்பட்டுக்கொண்டவள் தங்கை மணிமேகலை. அண்ணன் வாயாரப் புகழ்ந்ததைக் கேட்டுக் கேட்டே, பார்ப்பதற்கு முன்பே வந்தியத்தேவனிடம் மனசைக் கொடுத்தவள். அண்ணன் பேச்சு மாறிற்று, இவள் மனசு மாறவில்லை. ஆதித்த கரிகாலன் கொலையில் வந்தியத்தேவன் மேல் பழி விழுந்தபோது, கொன்றது நான்தான் என்று தானாக முன்வந்து சொல்கிறாள். அவன் உள்ளம் வேறிடத்தில் இருந்தது. குந்தவையின் காதலுக்குச் சோழ நாடே துணை. இவளுக்கு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்!

வெளியூர்களில் வளர்ந்த நம் குழந்தைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்கள்தான் அவர்களுக்குப் பொன்னியின் செல்வன். அவற்றில் மணிமேகலை கிடையாது. ஆகையால் வீட்டில் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஐந்தாம் பாகத்தையாவது உரக்க வாசித்துக் காட்டுங்கள். வந்தியத்தேவன், குந்தவை கல்யாணத்தைக் கல்கி எழுதவில்லை. வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர் விடுவதோடு கதையை நிறுத்திவிட்டார்.