உயிருடன் உள்ளோருள் தலையாயவர் யார்?



நடுவராக அமர்ந்து நான் அளித்த ஒரு தீர்ப்பைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அந்தத் தீர்ப்பு பிழையானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படிப் பிழையாயிற்று என்பதுதான் பேச்சு.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். இராஜபாளையத்துப் பள்ளி ஒன்றுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஒன்றுக்கும் சொற்போர் நடந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவுதான். பஸ்ஸில் ஏறி அமர்ந்து ஒரு செய்தித்தாளைப் புரட்டி முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். ஆயினும் போட்டி என்று வந்துவிட்டால் கடல் கடந்த பகைபோல் ஆகிவிடும். இவர்கள் தங்கள் பஞ்சாலைகளைச் சொல்வார்கள். அவர்கள் தங்கள் கோபுரத்தைக் காட்டுவார்கள். நான் இரண்டு பள்ளியையும் சேராதவன் என்பதால் நடுவனாக அழைக்கப்பட்டேன். கணக்கு ஆசிரியனாக இருந்து தலைமையாசிரியன் ஆனவன் என்பதால், எண்களை மதிப்பவன் என்று மாணவர்கள் நம்பினார்கள் போலும்.

தலைப்பு இது: "உயிருடன் உள்ள கிரிக்கெட் வீரருள் தலையாயவர் யார்?"

'உயிருடன் உள்ள' என்ற அடைமொழி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம் இருக்கிறது. மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவது. கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். தொழில்முறைப் பேஸ்பாலின் நூற்றாண்டு 1969இல் கொண்டாடப்பட்டபோது வாக்கெடுப்பு நடத்தினார்கள். எக்காலத்துக்கும் சிறந்தவர் என்று, மறைந்துவிட்ட பேப் ரூத்தைத் தேர்ந்தார்கள். உயிருடன் உள்ளோருள் சிறந்தவர் என்று ஜோ டிமாஜியோவைத் தேர்ந்தார்கள். 1941இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் தவறாமல் பந்தை வெற்றிகரமாக அடித்தவர் அவர். 1999இல் மறையும்வரை பொது மேடைகளில் அந்தப் பட்டத்தோடு அறிமுகம் செய்யப்படுவதையே அவர் விரும்பினார் என்று எழுதுகிறார்கள். அவருக்குப் பின் பலர் வில்லி மேஸைச் சொன்னார்கள். அவரும் 2024இல் மறைந்தார். ஒருவர் கண்மூடியவுடன் வழக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

கிரிக்கெட்டில் 2001 பிப்ரவரிவரை இந்த வழக்குக்கே இடமில்லாமல் இருந்தது. டான் பிராட்மன் உயிரோடிருந்தார். 52 டெஸ்ட் பந்தயங்களில் அவருடைய சராசரி 99.94. 1948இல் ஓவல் மைதானத்தில் தம் கடைசி ஆட்டத்தில் நான்கே ஓட்டங்கள் எடுத்திருந்தால் அது முழுமையாக நூறு ஆகியிருக்கும். இரண்டாவது பந்திலேயே வெறுங்கையோடு திரும்பினார். நீண்ட காலம் ஆடிய பிற ஆட்டக்காரர்களின் சராசரி 60ஐ எட்டித் தொடுவதே அரிது. அவர் மறைந்து நான்கு ஆண்டு கழித்து எங்கள் சொற்போர் நடந்தது. அரியணை காலியாக இருந்தது.

இராஜபாளையத்து மாணவன் ஒருவன் டெண்டுல்கரை முன்வைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவன் கவாஸ்கர் பக்கம் நின்றான். இங்கே ஒரு வேடிக்கை. அந்த ஆகஸ்டில் இருவருடைய டெஸ்ட் சதங்களும் சரியாக 34! டெண்டுல்கர் 2004 டிசம்பரில் டாக்காவில் சமன் செய்திருந்தார். 35ஆவது சதத்தை இன்னும் அடிக்கவில்லை. எண்களை நம்பி வந்த பையன்கள் இருவரும் ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார்கள். ஒருவன், "16 வயதில் களமிறங்கியவர் எங்களவர்" என்றான். மற்றவன், "1971இல் முதல் தொடரிலேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 774 ஓட்டங்கள் குவித்தவர் எங்களவர்" என்றான். அந்தச் சமநிலையும் நெடுநாள் நீடிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் டெண்டுல்கர் முந்திவிட்டார். உயிருடன் உள்ளோரைப் பற்றிப் பேசுவதில் உள்ள இடர் இது. நாம் பேசி முடிப்பதற்குள் அவர்கள் வேறொன்று செய்துவிடுவார்கள்.

இராஜபாளையத்து இரண்டாவது மாணவன் கெட்டிக்காரன். ஸோபர்ஸ் பெயரைச் சொன்னான். 93 பந்தயங்களில் 8,032 ஓட்டங்கள், 235 விக்கெட்டுகள், 21 வயதில் ஆட்டமிழக்காமல் 365 என்று அடுக்கிவிட்டு, விஸ்டன் ஆண்டு மலர் 2000இல் நூறு பேரிடம் கருத்துக் கேட்டபோது பிராட்மனுக்கு நூறு வாக்கும் ஸோபர்ஸுக்குத் தொண்ணூறு வாக்கும் கிடைத்ததைக் கூறினான். "முதல்வர் மறைந்துவிட்டார், இரண்டாமவர்தானே இனி முதல்வர்?" என்று முடித்தபோது கைதட்டல் எழுந்தது. கபில்தேவுக்காகப் பேசியவனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1983 உலகக் கோப்பையையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஸ்ரீவில்லிபுத்தூர் அணியின் இரண்டாவது பேச்சாளன் கண்டித் தமிழரான முரளிதரனை உணர்ச்சி பொங்க முன்வைத்தான். 500 விக்கெட்டுகளைக் கடந்திருந்த அவர்மீது பந்தை எறிகிறார் என்று சுமத்தப்பட்ட பழியையும், பிறவியிலேயே அவர் முழங்கை முழுதும் நிமிராது என்பதையும் விளக்கினான்.

கடைசியாக அந்த அணியில் ஒரு பெண் எழுந்தாள். "மிதாலி ராஜ்" என்றாள்.

அவையில் சிரிப்பு. நானும் புன்னகை செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவள் அசையவில்லை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1999இல் தம் முதல் ஒருநாள் பந்தயத்திலேயே ஆட்டமிழக்காமல் 114 எடுத்தவர். 2002இல் இங்கிலாந்தில் டாண்டன் நகரில், 19 வயதில், 214 ஓட்டங்கள் எடுத்து மகளிர் டெஸ்ட் ஆட்டத்தில் அதுவரை யாரும் எட்டாத உயரத்தை எட்டியவர். அந்த ஆண்டு ஏப்ரலில் இந்திய மகளிர் அணியை முதன்முறையாக உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு அழைத்துச் சென்றவர். இவ்வளவையும் நிதானமாகச் சொன்னாள். எதிரணியிலிருந்து ஆட்சேபம் வந்தது. "தலைப்பில் உள்ள சொல் 'வீரர்', 'வீராங்கனை' அன்று" என்றான் ஒருவன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, ஆழ்வார்கள் பன்னிருவர் என்று சொல்கிறோம். எங்கள் ஊர் ஆண்டாளை விட்டுவிட்டா எண்ணுகிறோம்?" என்று கேட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு ஒரு பெண் கேட்ட கேள்வி அது. எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாத ஆசிரியன் செய்வதைச் செய்தேன். "நேரம் ஆகிவிட்டது, நீ உட்காரம்மா" என்று மணியை அடித்தேன். 'தலைப்பைத் தழுவிப் பேசுதல்' என்ற கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். அவளுக்கு அதில் சுழி இட்டேன். முடிவில் அவள் அணி நான்கு மதிப்பெண்ணில் தோற்றது. கோப்பை இராஜபாளையத்துக்குப் போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் என்னுடன் வந்த முதிய தமிழாசிரியர் வெகுநேரம் பேசவில்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டிய பிறகு, "ஐயா, 'அர்' என்பது பலர்பால் விகுதி. பலர்பாலில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மரியாதைக்காக ஒருவருக்கே வழங்கும்போதும் அந்தப் பொதுமை போய்விடுவதில்லை. புலவர், ஆசிரியர், மருத்துவர் எல்லாம் அப்படித்தானே? நன்னூல் அந்தப் பெண்ணின் பக்கம்தான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

பின்னாளில் என் துறையாகிய கணக்கைக் கொண்டே அந்த வழக்கை மறுபடி விசாரித்தேன். பிராட்மனின் பெருமை எதில் இருக்கிறது? அடுத்து நிற்பவருக்கும் அவருக்கும் இடையே உள்ள தொலைவில். ஆகவே ஒவ்வொருவரும் ஓய்வு பெற்ற நாளில், இரண்டாம் இடத்தில் இருந்தவரை எத்தனை விழுக்காடு விஞ்சி நின்றார் என்று பார்த்தேன். 2010இல் முரளிதரன் 800 விக்கெட்டுகளோடு விடைபெற்றார். அடுத்தவர் வார்ன், 708. வேறுபாடு 13 விழுக்காடு. 2013இல் டெண்டுல்கர் டெஸ்டில் 15,921 ஓட்டங்கள். அடுத்தவர் பாண்டிங், 13,378. இது 19 விழுக்காடு. 1987இல் கவாஸ்கர் 10,122. அடுத்தவர் பாய்காட், 8,114. ஏறத்தாழ 25 விழுக்காடு. அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் இதை அறிந்திருந்தால் 34ஐ வைத்துக்கொண்டு திகைத்திருக்க மாட்டான். 2022இல் மிதாலி ராஜ் ஓய்வு பெற்றபோது மகளிர் ஒருநாள் ஆட்டத்தில் அவர் எடுத்திருந்தவை 7,805; அடுத்தவர் இங்கிலாந்தின் சார்லட் எட்வர்ட்ஸ், 5,992. வேறுபாடு 30 விழுக்காடு!

இதைக் கொண்டு வழக்கு முடிந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். இந்த அளவுகோல் ஸோபர்ஸை அளக்காது. மட்டையும் பந்தும் ஒருங்கே கைவந்தவரை ஒரே பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார். மகளிர் ஆட்டத்தில் போட்டியாளர் தொகை குறைவு, அங்கே இடைவெளி எளிதில் விரியும் என்று ஒருவர் மறுக்கலாம். அது நியாயமான மறுப்பே. ஆனால் மறுப்பவர் இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெண்டுல்கர் ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் 200. மிதாலி ராஜ் ஆடியவை 12. ஏறத்தாழ இருபது ஆண்டு ஆடியும் பன்னிரண்டே! 2006 முதல் 2014வரை இந்திய மகளிர் அணிக்கு ஒரு டெஸ்ட் பந்தயம்கூட இல்லை. தேர்வே நடத்தாமல் ஒரு மாணவியின் மதிப்பெண் குறைவு என்று சொல்லும் பள்ளியை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

2025 நவம்பர் 2ஆம் நாள் இரவு நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கௌர் தலைமையில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவை வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். அன்று எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பெயரை எத்தனை முயன்றும் நினைவுகூர முடியவில்லை. மதிப்பெண் தாளில் என் கையாலேயே எழுதிய பெயர்.

அதன்பின் சில வாரங்களில் ஒரு சொற்போருக்கு நடுவனாக வரும்படி எனக்குக் கடிதம் வந்தது. தலைப்பையும் குறித்திருந்தார்கள். ஏறக்குறைய பழைய தலைப்பே: 'இன்று வாழும் கிரிக்கெட் வீரருள் தலையாயவர் யார்?' ஒப்புதல் தெரிவித்து, மதிப்பெண் கட்டங்களைத் திருத்தி, தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: 'வீரர்' என்னும் சொல் இருபாலுக்கும் பொது.