வெளிநோயாளர் சீட்டுக்கு ஒரு மாற்று

அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் சீட்டு வாங்கும் வரிசையை நீளமாக்குவது எழுத்து வேலைதான். பெயர், வயது, முகவரி, கைப்பேசி எண் என்று ஒவ்வொருவரிடமும் ஊழியர் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் பழைய பதிவைத் தேடுவது சிரமம். ஆரணிப் பக்கம் தறியை நிறுத்திவிட்டு வரும் பட்டு நெசவாளருக்கு, காத்திருக்கும் நேரமெல்லாம் கூலி இழப்பு.

மருத்துவப் பதிவுகளை டிஜிட்டல் மயமாக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. அதன்படி விரும்புவோர் 14 இலக்க ‘ஆபா’ (ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு) எண் பெறலாம். 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இந்தக் கணக்கைக் கொண்டு சீட்டு வாங்கும் ‘ஸ்கேன் அண்ட் ஷேர்’ முறை அறிமுகமானது.

பதிவு மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை நோயாளி தன் கைப்பேசியில் ஸ்கேன் செய்கிறார். அவர் சம்மதம் தந்ததும் ஆபா கணக்கில் உள்ள விவரங்கள் மருத்துவமனைக் கணினிக்குப் போய்விடும். கைப்பேசிக்கு டோக்கன் எண் வரும். மேசையில் அந்த எண்ணைச் சொன்னால் சீட்டு தயார். எழுத்துப் பிழைக்கு இடம் குறைவு.

ஆபா எண்ணுக்குக் கட்டணம் இல்லை, கட்டாயமும் இல்லை. கைப்பேசி இல்லாதவர்களுக்காக, கேட்டு எழுதும் மேசையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.