மொழிக்குள் மொழி

(பாணேரில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தராகிய யாம் கணிப்பொறியைப் பற்றிப் பேசத் துணிவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கல்லூரியில் அக்கலை பயிலும் எம் மகன் விளக்கியதையே இங்குக் கூறுகின்றோம்.

கணிப்பொறிக்கு மொழிகள் பல. நம் ஊர்ப் பெயர்போல் ஒலிக்கும் ‘கோபால்’, அலுவலகக் கணக்குகளுக்கென 1959-இல் உருவாகத் தொடங்கியது. 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் ‘சீக்வல்’ என்றொரு மொழியை அறிவித்தனர். இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குவது அதுவே. சேமித்த பதிவேடுகளிலிருந்து வேண்டியதைக் கேட்டுப் பெறுவது அதன் தொழில். இவ்விரண்டும் இலக்கணத்தால் வேறானவை. எனினும் கோபாலில் எழுதிய நிரலின் நடுவே எஸ்.க்யூ.எல். வாக்கியங்கள் அமர்கின்றன. இடம் தரும் மொழியை அத்துறையினர் விருந்தளிக்கும் மொழி என்றே அழைக்கின்றனர்.

விருந்து தொடங்குமிடத்தில் ‘எக்ஸெக் எஸ்.க்யூ.எல்.’ என்றும், முடியுமிடத்தில் ‘எண்ட்-எக்ஸெக்’ என்றும் எழுதுவர். இடையில் உள்ளது தன் இலக்கணப்படியே நடக்கும். கோபாலுக்குரிய பெயரொன்று அங்கே வேண்டுமாயின், அதன்முன் முக்காற்புள்ளி இட்டு அடையாளம் காட்டுவர். முன்தொகுப்பி என்னும் மற்றொரு நிரல் இவ்வடையாளங்களைக் கண்டு, உள்ளிருப்பதைக் கோபாலின் நடைக்கு மாற்றித் தரும்.

எல்லை தவறினாலோ கேடு விளையும். அயலார் தட்டச்சிட்ட பெயரை அப்படியே எஸ்.க்யூ.எல். வாக்கியத்தில் ஒட்டிவிட்டால், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கயவன் எழுதிய கட்டளை நுழைந்து பதிவேட்டையே அழித்துவிடக்கூடும்.

இதைக் கேட்டபோது எம் இளைய மகளின் நினைவு வந்தது. பள்ளியிலிருந்து வந்து தமிழும் மராத்தியும் கலந்து பேசுவாள். யாம் கடிந்துகொண்டோம். அவள் தமிழ் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தாலும் இரண்டொரு சொல்லோடு நிறுத்திவிடுவாள். கலந்தது அவள் குற்றமன்று. எது எம்மொழிச் சொல் எனப் பொறுமையாகச் சொல்லித் தராதது எம் குற்றம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் பொறித்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இரண்டாம் சரபோஜி மன்னர் 1803-இல் பொறிப்பித்த போன்சலே மரபின் மராத்தி வரலாறும் அங்கேயே உள்ளது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

இப்பொழுது மகள் ‘பாணி’ என்றால், “அது மராத்தி, அம்மா, தமிழில் தண்ணீர்” என்பதோடு நிறுத்துகின்றோம். சென்ற வாரம் பாட்டியை அவளே அழைத்து நெடுநேரம் பேசினாள்.

அன்பர்களே, நம் பிள்ளைகளைக் கடியாதிருப்போம், அடையாளம் காட்டுவோம்.