குடியும் ஈரலும் ஆண்மைச் சுரப்பும்
(ஆண்டுவிழாவில் மருத்துவ அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் ஈரல் நோயைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்தால் அவையோர் முகஞ்சுளிப்பது இயல்பே. செயலாளர் அளித்த பத்து நிமிடத்தில் ஒரே கேள்விக்கு விடை கூறி அமர்ந்துவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார், வாயால் சொல்ல நாணி, துண்டுத்தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். கணவர் பல்லாண்டு குடித்தவர். ஈரல் சுருங்கிக் கால் வீங்கியிருந்தது. மார்பும் பெண்டிர்க்குப்போல் பருத்துவிட்டது. ஆண்மை ஊசி போட்டால் ஈரலும் தேறும் என்று யாரோ சொன்னார்களாம். போடலாமா என்பது கேள்வி.

அவ்வெண்ணம் பிறந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மது, விரைகளையும் அவற்றை ஏவும் மூளையடிச் சுரப்பியையும் ஒருங்கே தாக்குகிறது, டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. நோயுற்ற உடலில் பெண்மைச் சுரப்பின் கை ஓங்குகிறது. மார்பு பருப்பதும், உடல் மயிர் உதிர்வதும், உள்ளங்கை சிவப்பதும் இதனாலேயே. குறைந்ததை ஈடு செய்தால் என்ன என்று மருத்துவர்கள் எண்ணியது நியாயந்தானே?

கோபன்ஹேகன் மருத்துவர்கள் இதனைச் சோதித்தே பார்த்தனர். மதுவால் ஈரல் சுருங்கிய 221 ஆடவருள் 134 பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் மாத்திரையும், 87 பேருக்கு அதே போன்ற வெற்று மாத்திரையும் கொடுத்தனர். எது எவருக்கு என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. முடிவு 1986-இல் வெளியாயிற்று. மருந்துண்டோரில் நூற்றுக்கு 25 பேரும், வெற்று மாத்திரை உண்டோரில் 21 பேரும் மாண்டனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. ஆயினும் மருந்து உயிரைக் காத்தது என்று சொல்ல இடமில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. மெல்போர்னில், சுரப்புக் குறைந்த 101 ஈரல் நோயாளிகளுக்கு (குடியால் நோயுற்றவர் மட்டுமல்லர்) ஓராண்டு ஊசியும் வெற்றூசியும் போட்டுப் பார்த்தனர், 2016-இல் வெளியிட்டனர். மருந்தூசி பெற்றோர்க்குத் தசையும் எலும்பும் வலுத்தன, கொழுப்புக் குறைந்தது. ஆயுள் கூடியதாக அங்கும் மெய்ப்பிக்கப்படவில்லை. தசை உருகி எழுந்து நிற்க முடியாதவர்க்கு அவ்வலிமை சிறிதன்று என்பது என் கருத்து. ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் சில மாத்திரைகள் ஈரலையே கெடுப்பவை. அவற்றை இதனுடன் குழப்பிக்கொள்ளற்க.

அந்த அம்மையாரின் கணவருக்கு நான் ஊசி எழுதித் தரவில்லை. குடியை நிறுத்த உதவும் மருத்துவரிடம் அனுப்பினேன். இருமுறை தவறி, மூன்றாம் முறை நின்றார். கால் வீக்கம் வடிந்தது. மார்பு அப்படியேதான் இருக்கிறது. தளர்ந்த சட்டை அணிந்து, பின்வரிசையில் அமர்ந்து, நம் சங்கக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருக்கிறார்.