மூலத்துக்கு வழிவிடும் கருவி

வழக்கறிஞர்களுக்கும் சட்ட மாணவர்களுக்கும் உதவும் தொழில்நுட்பக் கருவிகளைப் பற்றி இன்று முழுவதும் பேச இருக்கிறோம். எந்தச் செயலியை எப்படி இயக்குவது என்பதை அடுத்துவரும் அமர்வுகளில் அறிந்தவர்கள் விளக்குவார்கள். தலைமையுரையில் ஒரே ஒரு கருத்தை மட்டும் முன்வைத்து வாதிட விரும்புகிறேன். வழக்கறிஞர் கையாளும் எந்தக் கருவியையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: மூல ஆவணத்தின் முன்னால் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறதா, இல்லையா? நிறுத்துமானால் வயது பாராமல் அதைப் பழகிக்கொள்ள வேண்டும். மூலத்தைக் காட்டாமல் விடையை மட்டும் நீட்டும் கருவியை நம்பி மனுவில் கையெழுத்திடக் கூடாது.

முதலில் கிடைத்திருக்கும் நன்மையைப் பார்ப்போம். 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்படும்வரை, உயர் நீதிமன்றம் என்றால் குமரி மாவட்டத்தினரான நமக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சென்னைதான். ஒரு தீர்ப்பின் நகலுக்கு நாள்கணக்கில் காத்திருந்தார்கள். சட்ட அறிக்கைத் தொகுதிகள் மூத்த வழக்கறிஞர்களின் அலமாரியில் இருந்தன. அந்த அறைக்குள் நுழையும் வாய்ப்புப் பெற்ற ஜூனியருக்கே படிப்பும் வாய்த்தது. இன்று குழித்துறையிலோ இரணியலிலோ பூதப்பாண்டியிலோ புதிதாகக் கவுன் அணியும் பெண், வழக்குக்குரிய 16 இலக்கச் சிஎன்ஆர் எண்ணைக் கைப்பேசியில் இட்டால் வாய்தா தேதியும் இதுவரை பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளும் வந்துவிடுகின்றன. 2023 ஜனவரி 2 அன்று தொடங்கிய இ-எஸ்சிஆர் தளத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். இந்தியா கோட் தளத்தில் மத்தியச் சட்டங்கள் திருத்தங்களோடு கிடைக்கின்றன. நாகர்கோவில் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே சாதி பார்த்து நாற்காலியும் முக்காலியும் போட்டிருந்த வழக்கத்தை வழக்கறிஞர் மார்ஷல் நேசமணி எதிர்த்து ஒழித்ததை இம்மாவட்டம் இன்றும் நினைவுகூர்கிறது. இருக்கையில் சமத்துவம் வந்த பிறகும் நூலகத்தில் அது வரவில்லை. அந்தக் குறையை இந்த இலவசத் தளங்கள் பெருமளவு தீர்த்திருக்கின்றன. இவையெல்லாம் மூலத்தையே திறந்து காட்டுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இதற்கு நேர்மாறான இயல்புடையது, கேட்டதற்கெல்லாம் சரளமாகப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு. நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியான்கா வழக்கில் ஒரு வழக்கறிஞர் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்தார். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை. இவை உண்மையானவையா என்று அவர் அதே கருவியிடம் கேட்டபோது ஆம் என்று அது உறுதி கூறியது. 2023 ஜூனில் நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். நம் பக்கத்து மாநிலத்தில், கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கென ஒரு கொள்கையையே வகுத்து, தீர்ப்பின் முடிவுகளை எட்ட இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்திருக்கிறது. ஜூனியர்களும் தவறான முன்தீர்ப்பைக் கொண்டுவருவதுண்டே, இயந்திரத்தை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஜூனியர் தவறு செய்தால் எந்தப் புத்தகத்தில் பார்த்தாய் என்று கேட்கலாம். அவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டியாக வேண்டும். இயந்திரமோ புரட்டிக் காட்ட வேண்டிய பக்கத்தையும் தானே புனைந்துவிடுகிறது. இன்னும் சில ஆண்டுகளில் இந்தக் குறை நீங்கிவிடும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நீங்கட்டும். அப்போதும் வக்காலத்தில் இருப்பது நம் பெயர்தான், பொறுப்பு கைமாறாது. நீண்ட தீர்ப்பைச் சுருக்கிப் பார்க்கவும், குறுக்கு விசாரணைக்கான கேள்விகளை ஒழுங்குபடுத்தவும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும் இ-எஸ்சிஆரிலோ உயர் நீதிமன்றத் தளத்திலோ தேடி எடுத்து, நம் கண்ணால் படித்த பிறகே மனுவில் சேர்க்க வேண்டும். கட்சிக்காரர் நம்மிடம் நம்பிச் சொன்னதை அதில் பதிவேற்றவே கூடாது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவு காக்கும் அந்த இரகசியம் கட்சிக்காரருக்கு உரியது. அதை வெளியாரின் கணினிக்குள் அனுப்ப நமக்கு உரிமை கிடையாது.

இல்லாததை உண்டென்று சொல்லும் கருவியின் ஆபத்தை எல்லா ஊர்களிலும் பேசுகிறார்கள். உள்ளதை இல்லையென்று சொல்லும் கருவியின் ஆபத்து நாஞ்சில் நாட்டுக்கே சிறப்பாக உரியது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரின் சட்டத்துக்குள் இருந்தோம். தமிழ்நாட்டோடு இணைந்த அன்றே அந்தச் சட்டங்கள் மறைந்துவிடவில்லை. மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119ஆம் பிரிவு அவற்றைத் தொடரச் செய்தது, பின்னர் ஒவ்வொன்றாக மாற்றங்கள் வந்தன. நம் கையிலுள்ள பழைய பத்திரங்களில் பல மலையாளத்தில் எழுதப்பட்டவை. தேதிகள் கொல்லம் ஆண்டில் உள்ளவை. அரசுக் குத்தகை நிலங்கள் குறித்த 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்டப் பிரகடனத்தையும், ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் குறித்த 1964ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அறியாமல் சில நிலங்களின் உரிமைமூலத்தைச் சொல்லவே முடியாது. சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துச் சேரும் மருமக்கள் வழியைக் கவிமணி பாடிய காலத்து வேதனைக்கு விடையாக வந்த நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் ரெகுலேஷன், கொல்லம் 1101இல் பிறந்தது. அதற்கு முந்தைய பாகப் பத்திரத்தில், மனைவி மக்களுக்குத் தரும் பங்கைக் குறித்து வரும் உகந்துடைமை என்ற சொல்லை ஆங்கிலத் தேடுதளத்தில் இட்டுப் பாருங்கள். ஒரு தீர்ப்பில் ஒரு எழுத்துக்கூட்டு, இன்னொன்றில் வேறு. நாம் இட்ட எழுத்துக்கூட்டு எதனோடும் பொருந்தாவிட்டால் திரை வெறுமையாகவே நிற்கும். அந்த வெறுமையைப் பார்த்துச் சட்டமே இல்லை என்று முடிவுகட்டினால் கட்சிக்காரர் நிலத்தை இழப்பார்.

கொல்லம் தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கம் முதல் தனு மாதத்தின் நடுப்பகுதிவரை கூட்ட வேண்டியது 824. அதன் பிறகே 825. கொல்லம் 1101 துலாமில் எழுதிய ஆவணம் 1925ஐச் சேர்ந்தது; அதே ஆண்டு மேடத்தில் எழுதியது 1926ஐச் சேர்ந்தது. எது முந்திய பத்திரம் என்பதே வழக்காக இருக்கும்போது இந்த வேறுபாடு சிறியதல்ல. மாதத்தைக் கேட்காமல் ஆண்டை மட்டும் மாற்றித் தரும் கணிப்பானை நம்பக் கூடாது.

மின்னணுச் சாட்சியத்திலும் இதே அளவுகோல்தான். அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் அந்த எண், இதுவே மாற்றப்படாத கோப்பு என்பதற்கான அடையாளம். அதைக் கணக்கிடும் மென்பொருள் இலவசம். பழக அரை மணி நேரம் போதும். வாட்ஸ்அப் உரையாடலைப் படம்பிடித்து அச்செடுத்து நீட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம்.

இவ்வளவையும் சரிபார்த்துக்கொண்டிருந்தால் தொழில் நடத்த நேரம் ஏது என்பது பலரின் மறுப்பு. தனித்தனியே செய்தால் நேரம் போதாதுதான். சேர்ந்து செய்தால் போதும். திருவிதாங்கூர் ரெகுலேஷன்களையும் திருவிதாங்கூர் சட்ட அறிக்கைகளையும் நம் வழக்கறிஞர் அறைகளிலிருந்து திரட்டி வருடி, யூனிகோடு எழுத்தில் தேடக்கூடியதாக்கி, ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் அருகிலேயே வைக்க வேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த மூத்தவர்கள் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் இன்னும் இருக்கிறார்கள். வருடவும் தட்டச்சு செய்யவும் தெரிந்த மாணவர்கள் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆவணச் சொற்களுக்கு எல்லா எழுத்துக்கூட்டுகளையும் சேர்த்து ஒரு அகராதி ஆக்குவதை முதல் வேலையாகக் கொள்ளலாம். வேறு எந்த மாவட்டமும் நமக்காக இதைச் செய்யப்போவதில்லை. மாலை அமர்வு முடிந்து கலைவதற்குள் மூத்தவர்களும் மாணவர்களும் அடங்கிய ஒரு குழுவை அமைத்துவிடுமாறு அவையைக் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.